பதினேழாம் எலி

வார்டுக்கு நான் போனபோது மதியம் இரண்டு மணி. எங்கள் ஆய்வகத்தின் மூளை அலைக் கருவியைத் திருப்பி எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கட்டிலில் புது விரிப்பு. பினாயில் நெடிக்கு அடியில் எலிக்கூண்டின் மரத்தூள் வாசனை.

அந்த வாசனை இங்கே வர வழியில்லை.

இறந்தவரின் மனைவி அவருடைய செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆய்வகத்தின் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர் அந்த மனிதர். நரம்பு நச்சு தாக்கினால் வரும் வலிப்பை நிறுத்த நாங்கள் மருந்து தேடுகிறோம். போன வாரம் நச்சுக் குப்பி ஒன்று அவர் அருகில் உடைந்தது. நான் கண்டுபிடித்த மருந்தையே கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உடல் அடங்கியது. அடங்கினால் மூளையும் அடங்கிவிட்டதாக அர்த்தம் என்று என் கட்டுரை சொன்னதால், கருவியை யாரும் மாட்டவில்லை. மூன்றாம் நாள்தான் மாட்டினார்கள். தலைக்குள் வலிப்பு நிற்கவே இல்லை. நேற்று போய்ச் சேர்ந்தார்.

"டாக்டரம்மா, அவரு தூங்கவே இல்லீங்க. கண்ண மூடிக்கிட்டு நடிப்பாரே, எனக்குத் தெரியாதா? நர்சுகிட்ட சொன்னேன். மருந்து வேலை செய்யுதும்மா, சும்மா இருங்கன்னுட்டாங்க."

இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், நச்சு ஏற்றி என் மருந்தைக் கொடுத்த இருபத்து நான்கு எலிகளில் பதினேழாவது அசையாமல் கிடந்தது. இந்த அம்மாவின் கணவர்தான் குனிந்து பார்த்துச் சிரித்தார். "ஐயா தூங்கலம்மா. எங்க வீட்டம்மா கடைக்குப் போகச் சொன்னா நான் படுத்துக்குவேனே, அந்த மாதிரி நடிக்கிறாரு. மீசையப் பாருங்க."

மீசை நுனி மட்டும் நடுங்கியது. திரையில் அதன் மூளை அலைகள் கொந்தளித்தன.

மூளையில் பொருத்திய ஒயர் கழன்றுவிட்டால் அந்த எலியை ஆய்வுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. பதிவேட்டில் எழுதினேன்: 'ஒயர் கழன்றது. நீக்கவும்.'

கழலவில்லை.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மனசு கஷ்டமா இருக்குங்க" என்றேன். என் காதுக்கே அது கூசியது. அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

கருவியின் பக்கம் திரும்பினேன். ஒயர்கள் மேசைமேல் சுருண்டு கிடந்தன. யார் தலையிலும் இல்லை.

திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். ஓடியது.

பேட்டரியைக் கழற்றினேன். ஓடியது.

ஒயர்களின் நுனிகள் மட்டும் நடுங்கின, மீசை போல.

அவர் சாவை விசாரிக்கும் குழுவுக்காக எடுத்து வந்த பதிவேடு பையில் இருந்தது. மேசை அருகே உட்கார்ந்து, பதினேழாம் வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: 'ஒயர் கழலவில்லை. வலிப்பு நிற்கவில்லை.' கையெழுத்துப் போட்டேன்.

அலை படுத்தது. திரை அணைந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த அம்மா இன்னும் வாசலைத் தாண்டவில்லை. நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். எழுந்தேன். என்னவென்று சொல்வது? குழுவிடம் சொன்னால் போதாதா? அவரிடம் எதற்கு?

உட்கார்ந்துவிட்டேன்.

மரத்தூள் வாசனை மூக்கில் ஏறியது. பதிவேட்டை மூடப் போனேன். இருபத்து நான்கோடு முடிந்த பட்டியலில் இருபத்தைந்தாவதாக ஒரு வரி இருந்தது. எலி எண்ணுக்கான கட்டத்தில் இறந்தவரின் பெயர். எதிரே, மை காயாமல், என் கையெழுத்தில்:

'ஒயர் கழன்றது. நீக்கவும்.'