கொக்கிலமேட்டு வீட்டு ஏ.சி.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டில், கடலைப் பார்த்த வீடொன்றின் முன் பைக்கை நிறுத்தினான் ஜெரோம். கேளம்பாக்கத்து ஏ.சி. மெக்கானிக். தெருமுனைக் கடைக்காரர் அவன் நம்பரைக் கொடுத்தாராம்.

கதவைத் திறந்த பார்வதம் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும்.

"வா நைனா. நாளிக்கு எம் பொண்ணு கைக்கொயந்தையோட வருது. இந்த ரூம்லதான் படுக்கணும். வருசமா பூட்டியே கெடந்துச்சி. மிஷினு ஓடுமான்னு பாரு."

அறையைத் திறந்துவிட்டு அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே உப்பு வாடை. அதற்கடியில், நாள்பட்ட காய்ச்சலில் கிடந்த உடம்பின் வாடை. கட்டிலில் அப்போதுதான் விரித்த வெள்ளை விரிப்பு.

ஜெரோம் வேலையில் இறங்கினான். ஃபில்டரைக் கழுவினான். உள்ளே தண்ணீர் பீய்ச்சியதும் கறுப்பாக வடிந்தது. மாடியில் இருந்த ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் உப்புக்காற்று தின்றிருந்த கெபாசிட்டரை மாற்றி, கேஸ் நிரப்பி, சுவிட்சைப் போட்டான். மிஷின் முனகாமல் ஓடியது. காற்றில் கை வைத்தான். சில்லென்று இருந்தது.

கட்டில் பக்கம் திரும்பினான்.

அனல்.

இரண்டு முழம் தள்ளி நின்றால் குளிர். கட்டிலருகே போனால் முகம் காந்தியது. யாரோ சிரமப்பட்டு மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை நிறுத்தினான்.

மூச்சு நிற்கவில்லை.

வெள்ளை விரிப்பில் ஓர் ஈரம் ஊறியது. மெல்லப் பரவியது. தோள், முதுகு, குதிகால். மல்லாந்து படுத்த ஓர் ஆளின் வேர்வை.

"அம்மா... இந்த ரூம்ல யாரு இருந்தாங்க?"

"எங்க வூட்டுக்காரரு, கங்காதரன்." பார்வதம் கட்டிலைப் பார்க்காமல் பேசினாள். "வாதத்துல படுத்துட்டாரு. போன கத்திரியில மிஷினு நின்னுபோச்சி. மூணு நாளு மெக்கானிக்குக்கு போன் போட்டுகினே இருந்தாரு. நாளிக்கு வரேன் சார்னு சொன்னானாம். தூக்கி வெளிய படுக்க வெக்க என்னால முடியல. நாலாம் நாளு சூடு தாங்காம போய்ட்டாரு."

ஜெரோமுக்கு நினைவு வந்தது. போன கத்திரியில் நாளுக்கு முப்பது அழைப்பு. அதில் ஒரு குழறிய குரல்: 'தம்பி, கொக்கிலமேடு. ஒடம்பு எரியுது, வந்துட்டுப் போப்பா.' நாளைக்கு வரேன் சார் என்று மூன்று முறை சொன்னவன் அவன்தான். நான்காம் நாள் அழைப்பு வராதபோது, தொல்லை விட்டது என்று நினைத்ததும் அவன்தான்.

"அந்த மெக்கானிக் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. தெரிஞ்சா ஏன்டா வரலன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன்."

நான்தாம்மா. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"கொயந்தைய இங்க படுக்க வெக்காதீங்க," என்று மட்டும் சொல்லிப் பையை அள்ளினான்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "போன வாரம் ரூம தொறந்ததுலேர்ந்து தெனம் விரிப்பு மாத்திகினுதான் கீறேன்," என்றாள் மெதுவாக. "மிஷினு ஓடுனா அடங்கிடுவாருன்னு நெனச்சேன்."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல்காற்று முகத்தில் அடித்தது. ஆனால் ஜெரோமின் முதுகு மட்டும் கொதித்தது. காய்ச்சல்காரர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து அவன்மேல் சாய்ந்திருப்பது போல.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி மார்கரெட் சட்டையை வாங்கிப் பார்த்தாள். "இன்னாங்க இது? சட்டையெல்லாம் காஞ்சிருக்கு, தோள்ல மட்டும் கை வெச்சாப்ல ஈரம்?"

துவைத்து மாடிக்கொடியில் போட்டாள்.

மறுநாள் மதியம், கொளுத்தும் வெயிலில், மற்ற துணிகளெல்லாம் மொரமொரவென்று காய்ந்திருந்தன. அந்தச் சட்டைத் தோளில் மட்டும் ஐந்து விரலும் தெளிவாகத் தெரிய, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.