செத்துக் கிடந்த வெள்ளைக் கார்

கால்வாய்க் கரையில், பனிக்குள் பாதி புதைந்து, குப்புறப் பிணமாகக் கிடந்தார் ஓமுர்.

பின்னந்தலையில் பலமான அடி!

குளிர்பதனக் கிடங்கு முதலாளி. ஊர் ஆப்பிளையெல்லாம் கெடாமல் காப்பாற்றிய மனுஷன்.

காலை ஆறு மணிக்குக் கிடங்குக் காவலாளி பார்த்தது ஒன்றே ஒன்று... வெள்ளைக் கார். சத்தமே போடாத சீன எலக்ட்ரிக் கார்.

பிஷ்கெக் நகரில், கிடங்கு இருந்த தெருவில் அப்படிப்பட்ட கார் இரண்டு. ஒன்று ஓமுரின் பங்குதாரர் கெஞ்ஜெபெக்குடையது. மற்றது டாக்ஸி ஓட்டும் ஐதாருடையது.

எட்டு மணிக்கு ஐதார் கையில் விலங்கு!

பதினோரு மணிக்குச் சாய்கலின் கராஜில் போன் அலறியது.

"எலக்ட்ரிக் கார் ரிப்பேர் பாக்கற பொம்பளை நீதானே? போலீஸ் மேஜர் தோக்தோசுன் பேசறேன். கெஞ்ஜெபெக் வீட்டுக்கு வா. ஒரு காரைப் பாத்து ஒரு கையெழுத்துப் போடணும். அஞ்சு நிமிஷ வேலை."

"வர்றேன் சார்."

போனை வைத்தாள்.

ஐதார் அவளுடைய தம்பி!

அவன் குழந்தைக்கு நாளைக்கு நாற்பதாம் நாள். நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும் விருந்துக்கு மாவுகூடப் பிசைந்தாகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது நடக்காவிட்டால், அப்பன்காரன் சிறையில்.

'என் தம்பியையா? பாத்துடறேன்டா!'

டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

*

கெஞ்ஜெபெக்கின் முற்றம். மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. ஏழு மணிக்கு ஆரம்பித்த பனி, இருந்த தடத்தையெல்லாம் மூடியிருந்தது.

"நாலு நாளா செத்துக் கிடக்கு மேஜர்!" கெஞ்ஜெபெக் நரித்தோல் தொப்பியைச் சரிசெய்தார். "சின்ன பேட்டரி போச்சு. கதவே திறக்கல. இதுல ஏறி நான் எங்க போக, யாரைக் கொல்ல?"

மேஜர் தயாராக டைப் அடித்து வைத்திருந்த தாளை நீட்டினார்.

'சின்ன பேட்டரி தீர்ந்து கார் செத்துக் கிடக்கிறது. கதவு திறக்காது. இதில் ஏறி யாரும் எங்கேயும் போக முடியாது.'

"போடும்மா கையெழுத்து. சாப்பாட்டு நேரம்."

"கார் பாக்காம கையெழுத்தா? எங்க கராஜ்ல அந்தப் பழக்கம் இல்ல சார்."

கெஞ்ஜெபெக்கிடம் கார் ரிமோட்டை வாங்கி அமுக்கினாள். மூச்சுப் பேச்சில்லை. ரிமோட்டைப் பிளந்து, உள்ளிருந்த குட்டிச் சாவியால் கதவைத் திறந்தாள்.

கெஞ்ஜெபெக் வாயைப் பிளந்தார். "அட! அதுக்குள்ள சாவியா? கார் புஸ்தகம் பூரா சீன பாஷையில இருக்கு. நான் எங்க படிக்க!"

உள்ளே இருந்த கம்பியை இழுத்ததும் காரின் முன்மூடி விலகியது. சின்ன பேட்டரியில் மீட்டர் வைத்தாள்.

மூன்று வோல்ட். பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்!

"பாத்தியா?" என்றார் கெஞ்ஜெபெக். "செத்துப்போச்சு!"

"செத்தது தெரியுதுங்க. எப்ப செத்துச்சுன்னுதான் தெரியல."

"ஏய்... யாருடி நீ? உன்னை எங்கயோ பாத்திருக்கேன்..." அவர் கண் சுருங்கியது. "மேஜர்! இவ அந்த ஐதாரோட அக்கா!"

மேஜர் முகம் சிவந்தது. "ஏம்மா, சொல்ல வேண்டாமா?"

"நீங்க கேக்கலையே!" சாய்கல் இடுப்பில் கை வைத்தாள். "ஆமா, அக்காதான்! அதுக்காக மீட்டர் பொய் சொல்லுமா? அஞ்சு நிமிஷம் குடுங்க. நான் உளறினா என்னையும் சேத்து உள்ள தள்ளுங்க!"

மேஜர் வாட்சைப் பார்த்தார். "அஞ்சே நிமிஷம்."

"இந்தக் காருக்குப் பேட்டரி ரெண்டு சார். பெருசு வண்டியை ஓட்டும். சின்னது கதவு, லைட், கம்ப்யூட்டருக்கு. சின்னது தீர்ந்தா பெருசு நிறைய இருந்தும் வண்டி எழுந்திரிக்காது. ஆனா சின்னது இறங்கினா பெருசே ஊட்டி விடும். அதுபாட்டுக்குத் தீராது. ஏதோ பழுது இருக்கணும், இல்ல யாராவது கழட்டித் தீத்திருக்கணும். இங்க பாருங்க..."

சின்ன பேட்டரியின் முனை நட்டில் ஸ்பேனர் கீறல். புத்தம் புதுசாய்ப் பளபளத்தது!

"கீறல் எல்லாம் சாட்சியா?" கெஞ்ஜெபெக் சிரித்தார்.

சாய்கல் பேட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கினாள். மேஜரின் காதருகே வைத்து ஆட்டினாள்.

களக்... களக்...

"என்ன கேக்குது சார்?"

"தண்ணி."

"தீர்ந்துபோன பேட்டரிக்குள்ள இருக்கறது வெறும் தண்ணி மாதிரி. மைனஸ் பத்துலயே உறைஞ்சிடும். மைனஸ் இருபத்திரண்டுல நாலு நாள் கிடந்தா? பனிக்கட்டி! வயிறு வீங்கி வெடிச்சிருக்கும். இது களக்கு களக்குங்குது. இன்னிக்குக் காலையிலதான் செத்திருக்கு சார்!"

மேஜர் மெல்லத் திரும்பினார்.

கெஞ்ஜெபெக்கின் நெற்றியில் வியர்வை! அந்தக் குளிரில்!

"நா... நான் வீட்டுக்குள்ள வெச்சிருந்தேன்! ஆமா! ராத்திரியில பேட்டரியைக் கழட்டி ஹீட்டர்கிட்ட வெப்பேன். ஊரே செய்யறதுதானே மேஜர்! நீங்க செய்யல?"

மேஜர் தலையாட்டிவிட்டார். அவரும் செய்கிறவர்தான்.

"ரொம்ப கரெக்ட்," என்றாள் சாய்கல். "எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா முன்மூடியைத் திறக்கற கம்பி காருக்குள்ள இருக்கு. நாலு நாளா கதவே திறக்கலைன்னீங்களே... எந்த வழியாப் போய் எடுத்தீங்க?"

கெஞ்ஜெபெக் ஓரடி பின்வாங்கினார்.

"கார்கிட்டயே கேட்டுடலாம் சார். கடைசியா எப்ப ஓடினேன்னு அதோட கம்ப்யூட்டர் சொல்லும்."

பேட்டரியை மாட்டி, தன் பூஸ்டர் பேட்டரியின் கிளிப்புகளைக் கவ்வ வைத்தாள். திரை மின்னியது. பெண் குரல் ஒன்று சீன மொழியில் வணக்கம் சொன்னது.

அவ்வளவுதான்!

டூல் பெட்டி மேல் அவள் வைத்திருந்த ரிமோட்டைப் பறித்தார் கெஞ்ஜெபெக். உள்ளே பாய்ந்து கதவை அறைந்தார்.

"டேய்! நில்லு!" மேஜர் துப்பாக்கியைத் தேடினார். கோட்டு பட்டனே கழலவில்லை.

சாய்கல் அலட்டிக்கொள்ளவில்லை. கார் கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் கிளிப்பைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. கைப்பிடி அசையவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. உள்ளே கெஞ்ஜெபெக் கண்ணாடியில் டம் டம்மென்று குத்தினார்.

"வெளிய வர வழியே இல்லையா?" மேஜர் மூச்சு வாங்கினார்.

"இருக்கு சார். சீட்டுக்குக் கீழ ஒரு குட்டி லிவர். சீன புஸ்தகத்துல நாற்பதாம் பக்கம் போட்டிருக்கு."

அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க அந்தத் தாளை! கார் செத்துக் கிடக்கு, கதவு திறக்காது, இதுல ஏறி யாரும் எங்கயும் போக முடியாது... இப்ப போடறேன் சார் கையெழுத்து!"