பயம் போன பிள்ளை

கயிறு அசையவே இல்லை. அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த டெல்பின் தன் இடது மணிக்கட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அங்கே கட்டியிருந்த நைலான் கயிறு நடையைத் தாண்டி, உள்ளறைக் கதவிடுக்கில் நுழைந்து, ஆறு வயது மகள் ஜெஸ்மியின் கையில் முடிந்திருந்தது. பொழுது அடையப்போகிறது, முன்பாக இருந்தால் இதற்குள் கை வலிக்கிற அளவுக்கு இழுபட்டிருக்கும். கொஞ்ச நாளாகவே அது செத்துக் கிடந்தது.

கயிறு ரெக்சன் சொன்ன யோசனை. அவன் சங்கு குளிக்கப் போகிறவன். அவன் முங்கும்போது வள்ளத்தில் கயிறு பிடிப்பது டெல்பினின் அண்ணன் பர்னபாஸ். அந்தக் கடற்கரையில் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சியின் தாலி அதில் தொங்குவதால் அவன் கண்ணயர மாட்டான். கீழே ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துவிட வேண்டும். ஜெஸ்மிக்கும் அதே ஏற்பாடுதான். பயம் வந்தால் ஒரு சுண்டு, அம்மா ஓடி வருவாள்.

பிள்ளைக்கு எதைக் கண்டாலும் பயம். பள்ளிக்கூட வேன் வந்தால் வாந்தி. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் உடம்பெல்லாம் நடுங்கும். பாளையங்கோட்டை டாக்டரம்மா மாசக்கணக்கில் பேசிப் பார்த்துவிட்டு, இனி சின்ன அளவில் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார்.

"குடுத்துப் பாப்போம்ளா," என்று ரெக்சன் கெஞ்சினான். "காய்ச்சலுக்குக் குடுக்கோம்லா, இதுவும் அப்படித்தான?"

"பச்சப் பிள்ளைக்கு மூள மாத்திரையா? எனக்கு ஒப்பல."

ஒப்பாததற்குக் காரணம் மாத்திரை அல்ல. அது அவளுக்கே தெரியும். நடுங்குகிற பிள்ளை அப்பனைத் தாண்டி, பெரியம்மாமாரைத் தாண்டி, ஓடி வந்து தன் கழுத்தைக் கட்டிக்கொள்கிற அந்தச் சுகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஜெமிமா டீச்சர் ஒருநாள் பிள்ளையின் அழுகையை அமர்த்திவிட்டாள் என்று கேட்டதற்கே ரெண்டு நாள் சோறு இறங்காதவள் அவள்.

கையைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளறைக்குப் போனாள். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிற அறையில் சங்குச்சதை அழுகின வாடை. கட்டிலில் ஜெஸ்மி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையில் இன்னொரு கயிறு இருந்தது. பழைய தேங்காய்நார்க் கயிறு, சொட்டச் சொட்ட நனைந்து, மர பீரோவுக்குப் பின்னால் சுவரோரத்து இருட்டுக்குள் போயிருந்தது.

"இத யாரு கட்டுனா?"

"அந்த அம்மா." பிள்ளை நாடியை உயர்த்திப் பீரோவைக் காட்டினாள். "லேசா இழுத்தாப் போதும், ஒடனே வாராங்க. நீ அடுப்ப அமத்திட்டுல்லா வார."

பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். டெல்பினுக்கு வயிறுதான் முதலில் எரிந்தது. பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, எவளோ ஒருத்தி தன் பிள்ளைக்குக் கயிறு பிடிக்கிறாள்.

"அவங்க மடியில வந்து இருக்கச் சொல்லுதாங்கம்மா. பாக்கப் பயமா இருக்கு, அதான் நான் போவல. பயம் போனதும் வரச் சொல்லிருக்காங்க."

மடி என்ற ஒரு சொல்தான் டெல்பினின் காதில் ஏறியது. மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து நார்க்கயிற்றை அறுத்தாள். அறுந்த முனையிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. மிச்சக் கயிறு, ஒரு அவசரமும் இல்லாமல், மெள்ள மெள்ள பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்தது. எலி இழுத்திருக்கும், வள்ளத்திலிருந்து ரெக்சன் கொண்டுவந்த கயிறாக இருக்கும், மற்றதெல்லாம் பிள்ளையின் நினைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரெக்சன் வந்ததும், "அந்த மாத்திரைய வாங்கிருங்க," என்றாள்.

"என்னளா திடீர்னு?"

"அவ மனசுல என்னத்தெல்லாமோ இருக்கு. அது அத்துப் போவணும்."

மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் ஜெஸ்மி தானாக வேன் ஏறினாள். கப்பல் ஊதும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாட்டா காட்டிவிட்டுப் போகிற மகளைப் பார்த்து ரெக்சன் அழுதேவிட்டான். டெல்பின் நைலான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். கழுத்தைக் கட்ட யாரும் வராதது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பீரோவுக்குப் பின்னால் போனவளுக்கும் கிடைக்கவில்லையே என்று நினைக்கும்போது உள்ளுக்குள் குளிர்ந்தது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. வள்ளத்தைக் கரையேற்ற ரெக்சன் போயிருந்தான். ஓட்டில் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு அடியில், கனமான மரச்சாமான் ஒன்று சிமெண்டுத் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிற சத்தமும், நின்று நின்று மறுபடி நகர்கிற சத்தமும், அதோடு அந்த அழுகின சங்கு வாடையும் நடை வழியாக அடுப்படிவரை வந்தன. டெல்பின் மெழுகுவர்த்தியோடு எழுந்தாள்.

கதவு திறந்திருந்தது.

பீரோ விலகியிருந்தது.

சுவரோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தரை உலர்ந்திருந்தது. அவள் மட்டும் நனைந்திருந்தாள். ஊறி வெளுத்த இரண்டு கைகள் ஜெஸ்மியைச் சுற்றியிருந்தன. பெற்றவள் அணைக்கிற அணைப்பு.

"ஜெஸ்மி... இங்கன வாளா."

பிள்ளை திரும்பினாள். முகத்தில் துளிப் பயம் இல்லை. அவளுடைய கூந்தல் காற்றில்லாத அறையில் மேல்நோக்கி மிதந்தது.

"அம்மா," என்றாள். டெல்பினிடம் அல்ல. "வாசல்ல ஒரு ஆன்ட்டி நிக்காங்க. ரொம்பப் பயப்படுதாங்க."

ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி மோட்டுவளையில் முட்டி உடைந்தன. டெல்பினுக்குக் கால் எழவில்லை. குரல் எழவில்லை.

குமிழிகள் சிறுத்தன. ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

பிறகு வரவில்லை. ஜெஸ்மி சிரித்தபடியே அந்த மடியில் இருந்தாள்.