கொல்லிமலை அணியின் முட்டை

முட்டையைக் கண்ணாடி டம்ளரின் விளிம்பில் தட்டினார் அறிவுச்செல்வி. ஓடு விரிசல் விட்டது. ஆனால் டம்ளருக்குள் எதுவும் வழியவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். அடிப்பக்க ஓட்டை உரித்துப் பார்த்தார். உப்பும் மிளகும் தூவினால் அப்படியே சாப்பிடலாம். அவித்த முட்டை.

திருச்செங்கோட்டை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களை வரவேற்கும் வாரம் அது. ஒருவரையொருவர் அறியாதவர்களைக் குலுக்கிப்போட்டு அணி பிரித்திருந்தார்கள். அன்றைய போட்டி முட்டை இறக்குதல். பேப்பர் கப், உறிஞ்சுகுழல், நூல், பிளாஸ்டிக் பை ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரு கூடு செய்ய வேண்டும். பச்சை முட்டையை அதில் வைத்து மூன்றாம் மாடியிலிருந்து போட வேண்டும். உடையாத முட்டைக்குரிய அணிதான் இரவு நடக்கும் ஆட்டபாட்டத்தைத் தொடங்கி வைக்கும்.

எல்லா அணிகளின் முட்டைகளும் கூழாகிப்போயின, கொல்லிமலை அணியின் முட்டையைத் தவிர. சற்றுமுன் வரை அந்த அணியைத் தோளில் தூக்கிக் கொண்டாடியவர்கள் இப்போது கத்தினார்கள்.

"ஏமாத்து! ஏமாத்து!"

"கோழிப்பண்ணைக்காரன் வேலையக் காட்டிட்டான்டா!"

அந்தக் குத்தல் கொல்லிமலை அணியின் கவினுக்கு. அவன் அப்பாவுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. கூட்டுக்குள் முட்டையை வைத்து ஒட்டியதும் அவன்தான். அவன் பக்கத்தில் அதே அணியின் கிருத்திகா நின்றாள். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்த பெண். இரண்டு நாளும் அழுதுவிட்டு இன்றைக்குத்தான் சிரித்திருந்தாள்.

இயற்பியல் பேராசிரியை அறிவுச்செல்வி கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது.

"செஞ்சது யாரோ, ஆறு மணிக்குள்ள எங்கிட்ட வந்து சொல்லிடணும். இல்லீன்னா ராத்திரி ஆட்டமும் கிடையாது, பாட்டும் கிடையாது. கொல்லிமலை டீம் வீடுகளுக்கு நாளைக்குப் போன் போகும்."

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. காவிரி அணியைச் சேர்ந்த சண்முகப்பிரியா மட்டும் மேசையருகே போனாள். குமாரபாளையத்துப் பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அந்த வாரத்துப் புள்ளிக் கணக்கில் அடுத்த நிலையில் நின்றது காவிரி அணிதான். கொல்லிமலை விலக்கப்பட்டால் இரவு ஆட்டத்தை அவள் அணிதான் தொடங்கும். ஆனாலும் அவளுக்கு ஏதோ உறுத்தியது.

ஓட்டில் வரைந்திருந்த முகத்தைப் பார்த்தாள். ஒவ்வோர் அணியும் தன் முட்டைக்குக் காலையில் ஸ்கெட்ச் பேனாவால் முகம் வரைந்திருந்தது. கொல்லிமலையின் முட்டைக்குக் கறுப்புப் புருவம், சிவப்புப் பொட்டு, பச்சையில் ஒரு மூக்குத்தி. ஒரு கோடும் கலையவில்லை. விரலை நக்கி மூக்குத்தியின் ஓரத்தில் லேசாகத் தேய்த்தாள். பச்சை நிறம் விரலில் ஒட்டிக்கொண்டது.

"மேடம், இது தண்ணி பட்டாலே அழியுதுங்க. வரைஞ்சதுக்கு அப்புறம் இதை அவிச்சிருக்க முடியாதுங்க."

அறிவுச்செல்வி நிமிர்ந்து பார்த்தார். "அப்போ அவிச்ச முட்டையிலதான் வரைஞ்சாங்களா?"

"அதத்தான் கேக்கணுங்க."

மரத்தடியில் கவின் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காலைல உங்க முட்டை பச்சை முட்டைதானுங்களா?"

"சத்தியமாங்க. டேபிள்ல சுத்தி விட்டுப் பார்த்தேன். தள்ளாடித் தள்ளாடி நின்னுச்சு. அவிச்ச முட்டைன்னா பம்பரமாட்டச் சுத்தும்."

"மத்தியானம் மெஸ்ல ரெண்டு முட்டை எடுத்தீங்களே, நான் பார்த்தேன்."

"ரெண்டையும் தின்னுட்டேனுங்க. பசி."

கிருத்திகா குறுக்கிட்டாள். "அவர் தின்னத நான் பார்த்தேன். நாங்க யாரும் மாத்தல. எங்க அம்மா முகத்த நினைச்சுத்தான் அத வரைஞ்சேன். அம்மா வலது மூக்குலதான் குத்தியிருக்காங்க. அதே மாதிரி போட்டேன்."

சண்முகப்பிரியா மேசைக்கு ஓடினாள். முட்டையின் முகத்தைத் தனக்கு நேராகத் திருப்பினாள். மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது.

திரும்பி வந்து கேட்டாள். "முட்டையப் படம் ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ஒரே ஒரு செல்ஃபி. கையில முட்டையோட. சாப்பாட்டு வரிசையில நின்னப்போ குரூப்ல போட்டேன்."

அந்த வாட்ஸாப் குழுவில் முதலாமாண்டு மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நிகழ்ச்சிகளை நடத்தும் மூன்றாமாண்டு நந்தகுமாரும் இருந்தான். சண்முகப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். கிருத்திகாவின் சிரிப்பு, கையில் முட்டை, பின்னால் வரவேற்புப் பேனர். பேனரின் எழுத்துகள் வேற்று மொழி போலத் தெரிந்தன.

சண்முகப்பிரியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள். "சாப்பிடப் போறப்போ முட்டையெல்லாம் எங்க இருந்துச்சு?"

"ஹாலுக்குள்ள, கூட்டுக்குப் பக்கத்துல கப்புல வெச்சிட்டு வந்தோம். எங்களை வெளிய அனுப்பிட்டு நந்தா அண்ணன் பூட்டினாரு. சாப்பிட்டு வந்தப்புறம்தான் திறந்தாரு."

கருத்தரங்கு மண்டபத்தில் நந்தகுமார் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இந்த வாரத்துக்காக இரண்டு மாதம் அலைந்தவன். முதலாமாண்டுப் பிள்ளைகளின் பெட்டியைத் தூக்கி விட்டது முதல், பேருந்து நிறுத்தத்தில் குடை பிடித்து நின்றது வரை எல்லாம் அவன்தான். எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

"அண்ணா, சாவி உங்ககிட்ட மட்டுந்தானுங்களா?"

"ஆமா கண்ணு. மேடம் மீட்டிங் போறப்போ குடுத்துட்டுப் போனாங்க."

"மத்தியானம் யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா வரல. பூட்டுனது பூட்டுனபடியே கிடந்துச்சு."

சண்முகப்பிரியா கொல்லிமலை அணியின் மேசைக்கு நடந்தாள். ஓரிடத்தில் செருப்பு தரையோடு ஒட்டி, பிய்த்துக்கொண்டு வந்தது. குனிந்தாள். மண்டபம் முழுக்கப் புழுதி. அங்கே மட்டும் துடைத்த தடம். சுவரோரமிருந்து எறும்புகள் சாரை பிடித்து அந்த இடத்துக்கே வந்துகொண்டிருந்தன.

"இங்க என்னங்கண்ணா கொட்டுச்சு?"

"அது... காலைல யாரோ ஜூஸ் கொட்டிட்டாங்க."

"காலைல பூரா நானும் இங்கதான் இருந்தேனுங்க, யாரும் எதுவும் கொட்டலை."

நந்தகுமார் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான்.

ஆறு மணிக்குச் சற்று முன்பு மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். அறிவுச்செல்வி கைகட்டி நின்றார். சண்முகப்பிரியாவின் அணிக்காரர்களே அவளை முறைத்தார்கள். சும்மா இருந்தால் வெற்றி தங்களுக்குத்தானே என்ற கோபம்.

"மேடம், கொல்லிமலை டீம் ஏமாத்தலைங்க. கிருத்திகா வரைஞ்ச முட்டை வேற, மாடியிலிருந்து விழுந்த முட்டை வேற."

"எப்படிச் சொல்றே?"

"அவங்க மூக்குத்தி போட்டது வலது பக்கம். இதுல இடது பக்கம் இருக்குது. தான் வரைஞ்சதையே யாரும் மாத்தி வரைய மாட்டாங்க. வேற யாரோ பார்த்து வரைஞ்சிருக்காங்க. எதைப் பார்த்து?"

செல்பேசியை உயர்த்திக் காட்டினாள்.

"இந்த செல்ஃபியப் பார்த்து. இவங்க போன்ல செல்ஃபி எடுத்தா கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலமா பதிவாகுது. பேனர்ல எழுத்தெல்லாம் திரும்பி இருக்குது பாருங்க. எங்கூர்ல துண்டுல பேர் போட்டு நெய்வாங்க. துண்டத் திருப்பிப் போட்டா எழுத்து இப்படித்தான் தெரியும். அதனாலதான் எனக்குத் தட்டுச்சு. படத்துல மூக்குத்தி இடது பக்கம். வரைஞ்சவங்க அப்படியே வரைஞ்சிட்டாங்க."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. கவின் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"படம் குரூப்புக்கு வந்தது நாங்க சாப்பாட்டு வரிசையில நின்னப்போ. அப்போ ஹால் பூட்டியிருந்துச்சு. அதுக்கப்புறம், மறுபடி ஹாலைத் திறக்கறதுக்குள்ள முட்டை மாறியிருக்குது. படத்தையும் பார்க்கணும், பூட்டுன ஹாலுக்குள்ளயும் போகணும். மேடம், நீங்க அந்த குரூப்லயே இல்லைங்க. சாவியும் உங்ககிட்ட இல்லை." அவள் திரும்பினாள். குரல் தணிந்தது. "அண்ணா, நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

நந்தகுமார் முன்னால் வந்தான்.

"நான்தான் மேடம். மேசையை நேரா இழுத்து வெச்சேன். கப்பு சாஞ்சு முட்டை உருண்டு உடைஞ்சிருச்சு. மிச்ச முட்டையெல்லாம் காலைல போட்டுப் பழகறதுலயே தீர்ந்துபோச்சு. காலேஜ் கேட்டுக்கு எதிர்க்க இருக்கற கடையும் பூட்டியிருந்துச்சு. மெஸ்ல போய்க் கேட்டா எல்லாத்தையும் அவிச்சிட்டோம்னாங்க. இந்தப் புள்ள ரெண்டு நாளா அழுதது எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் சிரிச்சுது. அதான் ஒண்ணை வாங்கிட்டு வந்து, படத்தைப் பார்த்து வரைஞ்சு வெச்சேன். எப்படியும் விழுந்து உடையும், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். கூடு இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியல."

"சரி. எல்லாரும் இவங்களைத் திட்டினப்போ ஏன் வாயத் திறக்கலை?" என்றார் அறிவுச்செல்வி.

"பயந்துட்டேன் மேடம். அதுதான் பெரிய தப்பு." அவன் கவினையும் கிருத்திகாவையும் பார்த்தான். "மன்னிச்சிருங்க."

கவின் எழுந்து அவன் பக்கத்தில் வந்தான். பிறகு கேட்டான். "கடை இப்போ திறந்திருக்குங்களா அண்ணா?"

"திறந்திருக்கும்."

"அப்போ ஒரு பச்சை முட்டை வாங்கிட்டு வாங்க. ஓடியாங்க!"

நந்தகுமார் ஓடினான். முட்டையோடு திரும்பியபோது கல்லூரியே மாடிக்குக் கீழே திரண்டிருந்தது. கவின் முட்டையை எல்லோர் முன்னிலும் சுற்றி விட்டான். தள்ளாடி நின்றது. கிருத்திகா அவசரமாக ஒரு முகம் வரைந்தாள். அதே கூட்டில் வைத்து, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விட்டாள்.

பிளாஸ்டிக் பை விரிந்தது. கூடு காற்றில் ஒருமுறை ஆடியது. தரையில் பட்டு எம்பி, புரண்டு, கிடந்தது. கூட்டம் அதைச் சுற்றி நெருங்கியது.

அறிவுச்செல்வி முட்டையை எடுத்து டம்ளர் விளிம்பில் தட்டினார். மஞ்சள் கரு உருண்டையாக, முழுசாக, உள்ளே விழுந்தது.

எழுந்த கூச்சலில் சாலையில் போன, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனது. சற்றுமுன் முறைத்த காவிரி அணிக்காரர்கள்கூடக் கவினைத் தூக்கினார்கள்.

"நந்தகுமாருக்கு என்ன தண்டனை?" என்று கேட்டார் அறிவுச்செல்வி. அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

"தனியா ஆடணும் மேடம்!" என்றது கூட்டம்.

ஆடினான். கரண்ட் கம்பியைத் தொட்டவன் போல ஆடினான். பாட்டு முடிந்த பிறகும் விடவில்லை. இன்னொரு பாட்டுக்கும் ஆட வைத்தார்கள். சிரித்துச் சிரித்துக் கிருத்திகாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே கூட்டத்தில் தேடி, ஓரமாக நின்ற சண்முகப்பிரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு ஆட வராதுங்க."

"எனக்கு மட்டும் வருமா? வாடீ."

கொல்லிமலை அணி இரவு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது, காவிரி அணியின் ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டு.