அடுத்த தெருவுக்குப் போக வேண்டிய ஆட்டுக்கால் சூப்

“அத்தை... என்னைத் தெரியுதுங்களா?”

வாசலில் நின்ற மனிதருக்கு அறுபதை நெருங்கும் வயது. மீசை முழுதும் நரைத்திருந்தது. மழையில் நனைந்த சட்டை உடலோடு ஒட்டிக்கொண்டிருக்க, கையில் ஒரு தூக்குவாளி. இப்படிப்பட்ட ஒருவர், ஐம்பத்தாறு வயது வெற்றிச்செல்வியைப் பார்த்து ‘அத்தை’ என்கிறார்!

அவளுக்குச் சுர்ரென்று தலைக்கேறியது. பெரம்பலூரில் ஒரு பள்ளியின் மைதானம் முழுவதையும் ஒற்றை விசிலில் அடக்கிய உடற்கல்வி ஆசிரியை அவள். வலது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டு வீடு திரும்பிய நாளிலிருந்து, உயரமான நாற்காலியில் காலை நீட்டியபடி, வருவோர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நலம் விசாரிப்பது என்னும் பெயரில் இந்த ஊரார் செய்யும் கொடுமைக்கு ஓர் அளவே இல்லை! ஆப்பிளை வைப்பார்கள், அமர்வார்கள், அமர்ந்த மறுகணம் அறிவுரை. கீழே உட்காரவே கூடாது என்பார் ஒருவர். உட்கார்ந்து பழகாவிட்டால் கால் மரக்கட்டையாகிவிடும் என்பார் மற்றொருவர். இதே அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று தம் மாமியாரின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வதற்கென்றே ஒருவர் வருவார்!

‘தம்பி வழியில் யாரோ உறவு போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டாள். யாரென்று கேட்பது மரியாதையன்று. வந்தவரும் பெயரைச் சொல்லவில்லை. சொந்தக்காரரிடமே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அவருக்கும் மரியாதைக் குறைவு.

“வாங்க... உக்காருங்க” என்றாள், பற்களைக் கடித்தபடி.

“நம்ம ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லதான். அதுக்காக, உடம்பு முடியாத நேரத்துல பாக்க வராம இருக்க முடியுங்களா?” என்றவர், பக்கத்திலிருந்த டம்ளரில் தூக்குவாளியைச் சாய்த்தார். “ஆட்டுக்கால் சூப்பு. அரியலூர்லேருந்து பஸ்ல மடியில வெச்சே கொண்டாந்தேன். சூடு ஆறிடும், குடிச்சிடுங்க.”

எவரோடு எவருக்குச் சண்டையோ, தம்பி மணிவண்ணனுக்குத்தான் வெளிச்சம். அவள் குடித்தாள். மிளகும் சீரகமும் தொண்டையில் இதமாக இறங்கின. சூப் நன்றாக இருந்தது என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

அவர் குனிந்து முழங்காலைப் பார்த்தார். “வீக்கம் வத்தலையே... மாட்டுக்குக் கால் வீங்குச்சுன்னா, நாங்க முதல்ல...”

“நான் என்ன மாடா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லல அத்தை! கால்நடை ஆஸ்பத்திரியிலயே இருந்து ரிட்டயர் ஆனவன். வாய் பழகிப்போச்சு...”

“முதல்ல அந்த அத்தையை நிறுத்துங்க! என்னைவிட உங்களுக்கு வயசு கம்மியா?”

“அப்பாகூடப் பொறந்தவங்களை வேற எப்படிங்க கூப்புடறது?”

“எந்த அப்பா? யாரு கூடப் பொறந்தா?”

அவர் முகத்தில் முதன்முறையாக ஐயம் படர்ந்தது. “நீங்க... அம்மாக்கண்ணு அத்தைதானே?”

“அம்மாக்கண்ணு அடுத்த தெரு! அவங்களுக்கும் இதே ஆபரேஷன்தான். நான் வெற்றிச்செல்வி!”

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி.

“சின்ன வயசுல பாத்ததுங்க. டீக்கடையில, மூட்டு மாத்துன வூடு எதுன்னு கேட்டேன்... இதைத்தான் காட்டுனாங்க...” என்று தடுமாறினார். “மன்னிச்சிடுங்க டீச்சர். பஞ்சநாதன்னு பேரு.”

மாணவியரை அடக்கிப் பழகிய அந்த உதடுகள் அவளை மீறித் துடித்தன. சிரித்துவிடக் கூடாது என்று அவள் தலையைத் திருப்பிய அதே நொடியில் அவரும் நிமிர்ந்தார்... மழைநீர் இமையில் நிற்க, பிடிபட்ட சிறுவனைப் போல் விழித்த அந்தக் கண்களில், அறுபது வயதுக்குப் பொருந்தாத ஒரு வெளிச்சம்! வெற்றிச்செல்வி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

அம்மாக்கண்ணுவின் மகன் வெளிநாட்டில் இருந்ததால், பஞ்சநாதன் அத்தை வீட்டிலேயே சில காலம் தங்கும்படி ஆயிற்று. அத்தையின் முழங்கால் ஒத்தடத்துக்கு ஐஸ் வாங்கப் போகும்போது இவளுக்கும் ஒரு கட்டி வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், அது உருகிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி ஜெயசித்ரா, அண்ணிக்குச் சமைத்துப் போடுவதற்காக அரியலூரிலிருந்து வந்திருந்தவள், அதை வாங்கித் துணியில் சுற்றினாள். அவர் வாசலோடு திரும்பாமல் நாற்காலியில் அமர்ந்தார். மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, ஒரே மகள் பெங்களூரில், என்பதையெல்லாம் ஜெயசித்ராதான் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு மாலை, முழங்காலை மடக்கும் பயிற்சி. குதிகாலை நாற்காலிக்கு அடியில் இழுக்க வேண்டும். இழுத்தாள். உள்ளே யாரோ கம்பியை முறுக்குவதைப் போலிருந்தது.

“ஒண்ணு... ரெண்டு...” என்று பஞ்சநாதன் ஆர்வமாக எண்ணத் தொடங்கினார்.

“எண்ணாதீங்க! எண்ணுறது என் வேலை!”

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

“ரொம்ப வலிக்குதுங்களா டீச்சர்?”

அவள் திகைத்தாள். எத்தனை பேர் வந்தார்கள்! நடக்கிறாயா என்று கேட்டார்கள். எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். வலிக்கிறதா என்று ஒருவராவது கேட்டாரா? கண்கள் நிறைந்தன. அடக்க அடக்கப் பொங்கின. “வலிக்குது...” என்றாள், சிறுமியைப் போல. அவர் ஆறுதல் சொல்லவில்லை, மாட்டைப் பற்றியும் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து, மாலையானால் கை தானாகவே தலைமுடியை ஒதுக்கிக்கொண்டது. ‘என்ன அசட்டுத்தனம் இது! இந்த வயதில்... இந்தக் காலோடு...’ என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள். மனம் விசிலுக்குக் கட்டுப்படவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பேச்சு வந்தது. அவள் உறங்குவதாக நினைத்துக்கொண்டு, ஜெயசித்ரா கூடத்தில் பஞ்சநாதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“இந்த வூட்டை வாடகைக்கு விட்டுட்டு, அண்ணியை அரியலூருக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு அவரு சொல்றாருங்க. இனிமே தனியா எப்படி இருப்பாங்க?”

செங்கல் செங்கல்லாகத் தன் சம்பளத்தில் கட்டிய வீடு! வெற்றிச்செல்வி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சநாதன் என்ன சொல்லப்போகிறார்?

“அதுவும் சரிதாங்க... தனியாளா விட முடியாது. துணை வேணும்.” சற்றே தயங்கினார். “டீச்சருக்குச் சம்மதம்னா... துணைக்கு நான் இருக்கேன்.”

இவ்வளவுதானா? ஐஸ் கட்டியும், வலிக்குதுங்களா என்ற கேள்வியும், இத்தனை மாலைகளும் இரக்கம்தானா? ஊன்றி நடக்கும் வாக்கரைத் தரையில் அறைந்தபடி அவள் கூடத்துக்கு வந்தாள்.

“ஏன் சார், நொண்டி மாடுன்னு நெனச்சிட்டீங்களா, பாவம் பாத்து ஓட்டிட்டுப் போக?”

“டீச்சர், நான்...”

“துணைக்கு ஆள் வெச்சுக்கற அளவுக்கு நான் இன்னும் விழுந்துடல! இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதீங்க.”

அவர் கண்களில் இருந்த வெளிச்சம் அணைந்ததை அவள் பார்த்தாள். பார்த்தும், தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் தூறலில் இறங்கிப் போனார்.

அதன்பின் முழங்கால் நன்றாகவே மடங்கியது. எரிச்சல் மட்டும் வற்றவில்லை. ஐஸ் வாங்க யாரை அனுப்புவது என்று ஜெயசித்ரா கேட்டால் கோபம். கேட்காவிட்டாலும் கோபம். “வூட்டை விட்டு நான் எங்கயும் வர மாட்டேன்டா. வேணும்னா நீ வந்து என்னைப் பாத்துட்டுப் போ” என்று மணிவண்ணனிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வென்றாயிற்று. வீடு அவளுடையதே. அந்த வீட்டின் மாலைகள் மட்டும் ஏன் இவ்வளவு நீளமாகிவிட்டன?

“அண்ணி, அம்மாக்கண்ணு அம்மா நல்லா நடக்குறாங்களாம்” என்றாள் ஜெயசித்ரா ஒருநாள், கீரையை ஆய்ந்தபடி. “அந்த சாரு இன்னைக்கு ஊருக்குக் கெளம்புறாராம். இனிமே வர வேலையில்லன்னு சொன்னாராம்.”

வெற்றிச்செல்வி எழுந்தாள். வாக்கரைப் பற்றினாள்.

“எங்க அண்ணி? மழை வருது! இருங்க, நானும் வரேன்!”

“நீ கீரையைப் பாரு.”

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாகத் தெருவில் அவள் கால் பட்டது. உடனே தெரு முழுவதும் வாயாயிற்று. “டீச்சர், கீழ பாக்காதீங்க, நேரா பாருங்க!” “டீச்சர், கீழ பாத்து நடங்க!” டீக்கடையிலிருந்து ஒருவர், எந்தக் காலை முன்னே வைக்க வேண்டும் என்று நடந்தே காட்டினார். தூறல் மூக்குக்கண்ணாடியில் வழிந்தது. முட்டி கொதித்தது. அடுத்த தெரு இவ்வளவு தொலைவிலா இருந்தது?

பஞ்சநாதன் பையோடு அத்தை வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பை கையிலிருந்து நழுவியது.

“டீச்சர்... நீங்களா? இந்த மழையில... தனியா...”

“பேசாதீங்க. நான் பேசி முடிச்சிடறேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “என் வூட்டுல நானே இருந்துக்குவேன். தனியா இருக்க எனக்குத் தெரியும். துணைக்குன்னா நீங்க வர வேண்டாம். பாவம்னு நெனச்சும் வர வேண்டாம். ஆனா... சாயங்காலம் ஆனா, நீங்க வரமாட்டீங்களான்னு இருக்கு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மாக்கண்ணு உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். மழை மட்டும் தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. பஞ்சநாதன் விழுந்த பையைத் தாண்டி ஓரடி முன்னே வந்தார்.

“பிடிச்சிருக்குன்னு சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தேன் அன்னைக்கு... இந்த வயசுல அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு வரல. துணைன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். நீங்க முதல்முதலா சிரிச்சதைப் பாத்தேன் பாருங்க... அன்னைக்கே ஊருக்குத் திரும்பிப் போயிருக்கணும். முடியல. அத்தைக்கு எப்பவோ சரியாப் போச்சு. நான்தான்...”

அவர் பேசிக்கொண்டே போனார். அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணுக்கு ஏறியது.

“இதை எல்லாம் நான் நின்னுட்டேதான் கேக்கணுமா?” என்றாள், கண்ணீரும் கோபமுமாக. “கால் விண்ணுவிண்ணுங்குது. உயரமா ஒரு நாற்காலி கொண்டாங்க... அப்புறம் முதல்லேருந்து சொல்லுங்க!”