நாலாம் மாடியில் ஆடிய றோபோ

அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலேதான் இராசரத்தினத்தின் துப்பறியும் அலுவலகம். எந்தத் துயரத்தோடு படியேறி வந்தாலும் கொத்துரொட்டி வாசம்தான் முதலில் வரவேற்கும். றோஸ்மேரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கையிலிருந்த பையை மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“அண்ணை, எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். என்ர மனுசன் தானாக் குதிச்சவரோ, இல்லையோ?”

அவளுடைய கணவர் றெமிஜியஸ் போன மாதம் வோபர்னில் தங்கள் நாலாம் மாடிப் பல்கனியிலிருந்து விழுந்து இறந்துபோனார். றோஸ்மேரி அப்போது வேலையில் இருந்தாள். அன்று மாலை அவரைக் கடைசியாகக் கண்டது அவளுடைய தம்பி கஸ்பர். அத்தான் மனமுடைந்து இருந்தார், தான் ஆசையாகச் செய்த றோபோவைக்கூட அன்று தொடவில்லை, நான் கொஞ்ச நேரத்தில் வெளிக்கிட்டுவிட்டேன் என்று அவன் பொலிசுக்குச் சொன்னான். மனமுடைந்த மனிதர், உயரமான பல்கனி. இதற்குமேல் என்ன விசாரிக்க இருக்கிறது என்று பொலிஸ் கோப்பை மூடிவிட்டது.

“என்னையும் பிள்ளையளையும் விட்டிட்டுப் போக எப்பிடி மனம் வந்தது எண்டு நினைக்க நினைக்க ஆத்திரம் வருது,” என்றாள் றோஸ்மேரி. “அவர் குதிக்கேல்லை எண்டால், அந்த மனுசனுக்கு நான் பெரிய அநியாயம் செய்துகொண்டிருக்கிறன்.”

பைக்குள்ளிருந்து ஒரு முழ உயர றோபோ வெளியே வந்தது. ஜப்பானில் பெரிய ஆட்களே இப்படிக் குட்டி றோபோக்களைச் செய்து, மல்லுக்கட்ட விட்டு, விழுந்தெழும்ப விட்டு, கூடியிருந்து சிரிப்பார்களாம். ஒரு சதப் பிரயோசனமும் இல்லாத வேலை. அதனால்தான் அது அத்தனை சந்தோசம். றெமிஜியஸ் அங்கிருந்து பாகங்களைத் தருவித்துப் பூட்டி, இடுப்பில் சாரமும் கட்டிவிட்டு, குனிந்து வணக்கம் சொல்லிப் பைலா ஆட இதைப் பழக்கியிருந்தார். இப்போது அதன் இடது கை முறிந்து தொங்கியது.

“அவர் போறதுக்கு முதல் நாள் கை நல்லா இருந்தது. செத்தவீடு முடிஞ்சு பார்க்கேக்க, சுவர்த் தட்டில வழமையான இடத்திலதான் நிண்டது. ஆனால் சுவிச்சு போட்டபடி. பற்றரி வடிஞ்சு வீங்கிப்போய்க் கிடந்தது. அவர் ஆட்டம் முடிஞ்சால் முதல் வேலையாப் பற்றரியைக் கழட்டிப்போடுவார். இத்தனை வருசத்தில ஒருநாளும் மறந்ததில்லை.”

“சாகப்போற மனுசன் மறக்கலாம் தங்கச்சி,” என்றார் இராசரத்தினம் மெதுவாக. “ஆனால் தொடாத றோபோவில சுவிச்சு எப்பிடிப் போட்டபடி இருக்கும்?”

அவருடைய உதவியாளர் சுபாங்கிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. இவர்கள் பேசி முடிப்பதற்குள், றோஸ்மேரி கொண்டுவந்த வேறொரு பற்றரியைச் செருகி, றோபோவை மேசையில் நிறுத்திச் சுவிச்சைத் தட்டிவிட்டாள். றோபோ இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டு விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது. றோஸ்மேரி சட்டென்று ஏந்திக்கொண்டாள்.

“சொறி, சொறி அன்ரி. சும்மா நிக்கும் எண்டு நினைச்சன்.”

“முதல் தரம் எல்லாரும் இப்பிடித்தான் பிள்ளை. சுவிச்சைப் போட்டவுடன கைகால் எல்லாம் தன்ர இடத்துக்கு வர உதைக்கும். முதுகில பிடிச்சு அந்தரத்தில தூக்கிக்கொண்டுதான் போடவேணும். அவர் அப்பிடித்தான் போடுவார்.”

இராசரத்தினம் முறிந்த கையைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். மூட்டுக்குள் சாம்பல் நிறத் தூள் அப்பியிருந்தது.

“வீட்டில என்ன தரை?”

“முழுக்கக் காப்பெற் விரிச்சது அண்ணை. பல்கனி மட்டும் சீமெந்து.”

“தம்பி உதோட விளையாடுறவரோ?”

“அவனோ? வயசுபோன ஆக்களுக்கு விளையாட்டுச் சாமான் எண்டு நக்கலடிப்பான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் வோபர்ன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். கஸ்பர் அக்காவுக்குச் சாமான் வாங்கி வந்திருந்தான். அத்தான் போனதிலிருந்து அந்த வீட்டைத் தாங்குவது அவன்தான். இராசரத்தினம் பல்கனிக்குப் போய்ப் பார்த்தார். இடுப்பளவில் ஒரு சீமெந்துக் கட்டு, அதன் மேல் ஒரு பூச்சாடி வைக்கக்கூடிய அகலம். திரும்பி வந்து றோபோவை கஸ்பரிடம் நீட்டினார்.

“உதை ஆட விட்டதுண்டோ தம்பி?”

“நானோ? தொட்டதே இல்லை. ஆடத் தொடங்கினாப் பிறகு தூரத்தில நிண்டு பார்த்திருக்கிறன், அவ்வளவுதான்.”

“புதுப் பற்றரி போட்டிருக்கு. சுவிச்சு முதுகில. ஒருக்காப் போட்டுக் காட்டுமன்.”

கஸ்பர் அதை வாங்கினான். முன்னால் மேசை வெறுமையாகக் கிடந்தது. அவன் அதில் வைக்கவில்லை. முதுகில் இறுக்கிப் பிடித்து, கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிச்சைத் தட்டினான். றோபோ அந்தரத்தில் உதைத்தது. றோஸ்மேரியின் முகம் மாறியது.

“சுபாங்கி மேசையில வைச்சுப் போட்டவ. தெரியாத ஆள் அப்பிடித்தான் போடும்,” என்றார் இராசரத்தினம். “உமக்கு அது உதைக்கும் எண்டு தெரிஞ்சிருக்கு. கை முறிஞ்சது காப்பெற்றில இல்லை, பல்கனிச் சீமெந்தில. றெமிஜியஸ் போட்டிருந்தால் கையில பிடிச்சிருப்பார், அது பாய்ஞ்சிருக்காது. விழுந்ததை எடுத்துத் தட்டில வைச்சது, பற்றரி கழட்டவேணும் எண்டு தெரியாத ஒருத்தர். கீழ விழுந்த மனுசன் திரும்பி வந்து அதை வைக்கேலாது. அண்டைக்கு இஞ்ச வந்தது நீர் ஒருத்தர்தான்.”

கஸ்பர் கதிரையில் இருந்துவிட்டான்.

“பகிடிக்குத்தான். பொழுதுபடுற வானத்துக்கு முன்னால ஆட விட்டு வீடியோ எடுப்பம் எண்டு அதைத் தூக்கிச் சீமெந்துக் கட்டுக்கு மேல வைச்சன். அத்தான் வேண்டாம் எண்டவர். நான் சுவிச்சைப் போட்டிட்டன். அது வெளியால பாய, அவர் எட்டி ஏந்திப் பல்கனிக்குள்ள எறிஞ்சவர். அந்த எட்டின எட்டிலயே...” அவன் பல்கனிப் பக்கம் கையைக் காட்டினான். “நான்தான் தள்ளினதெண்டு சொல்லுவினம் எண்டு பயந்திட்டன் அக்கா.”

“அப்ப மனமுடைஞ்சு இருந்தவர் எண்டது?”

“பொய்.”

றோஸ்மேரி கத்தவில்லை.

“பெட்டி மூட முந்தி எல்லாரும் அவருக்கு முத்தம் குடுத்தவை. நான் குடுக்கேல்லை. ஆத்திரத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டு நிண்டனான். நீ என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டனி. அப்பவாவது சொல்லியிருக்கலாம் கஸ்பர்.”

சுபாங்கி பொலிசை அழைக்கத் தன் போனை எடுத்தாள். றோஸ்மேரி அதை வாங்கித் தம்பியின் முன்னால் வைத்தாள்.

“நீயே எடு,” என்றாள்.