அடைத்த ஏசியும் அண்ணாந்த கண்களும்

அந்தப் பெயிண்ட் கடையில் மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே அல்ல... உள்ளே! வெளியே தார் ரோடே உருகி ஓடிவிடும்போல வெயில். உள்ளே, கலர் கலக்கும் மேடைக்கு நேர் மேலே இருந்த ஏசியிலிருந்து காலையில் சொட்ட ஆரம்பித்த தண்ணீர், மத்தியானத்துக்குள் அருவிக்குத் தங்கை ஆகிவிட்டது.

மேடைக்குப் பின்னால் நின்றவளைக் கடையில் ‘மகாராணி’ என்பார்கள். பட்டம் சும்மா வரவில்லை. உதிர்ந்த சுவரிலிருந்து நகத்தளவு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். அதே நிறத்தைக் கலக்கித் தருவாள். அதைப் பூசிய வீட்டுக்காரர்கள் எது பழைய சுவர், எது புதுச் சுவர் என்று தெரியாமல் ஈரத்தில் சாய்ந்து, பாழான சட்டையோடு வந்து அவளையே பாராட்டிவிட்டுப் போவார்கள்.

அப்பேர்ப்பட்ட கண்களுக்குள் ஒரு பாலைவனம் இருந்தது.

கனமான கண்ணாடி வேண்டாமென்று லேசர் ஆபரேஷன் செய்துகொண்டாள். கண்ணாடி கழன்றது; கூடவே கண்ணின் ஈரமும் கழன்றுகொண்டது. “கொஞ்ச நாள் வறட்சி இருக்கும்மா” என்றார் டாக்டர். அவருடைய கொஞ்ச நாள் இன்னும் முடிந்தபாடில்லை. காலையில் இமை விழியோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றி ஒற்றி, கோபித்துக்கொண்ட மாமியாரைத் தாஜா செய்வதுபோலத் திறக்கவைக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் ஊரே சந்தோஷப்படும். இவள் கெஞ்சிக் கூத்தாடி, குண்டு ஆசாமி யாருக்காவது பின்னால் இடம் மாற்றிக்கொள்வாள். ஃபேன் ஜென்மப் பகையாளி. ஏசி அந்தப் பகையாளிக்குப் பெரியப்பா!

இது கடையில் ஒருவருக்கும் தெரியாது. பார்வை பழுதில்லை, சொட்டு மருந்து விட்டால் போதும், பளிங்குதான். ஆனால், ‘கண்ணு கோளாறு இருக்கிறவளா கலர் பார்க்கிறா?’ என்று ஒரு வாய் கேட்டால் போதுமே, மேடை கையைவிட்டுப் போய்விடும். அதனால் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துதான் மருந்து. சிவந்த கண்களைப் பார்த்து, பில் போடும் அக்கா மட்டும், “பாவிப்பய, எவன்டி உன்னை ஏமாத்தினான்?” என்று மாதாமாதம் விசாரிப்பாள்.

முந்தின நாள்தான் மகாராணிக்குப் பொறுக்கவில்லை. கடை மூடும் நேரத்தில் ஏணி போட்டு ஏறி, ஏசிக் காற்று வரும் வாயை அட்டையால் அடைத்து டேப் ஒட்டிவிட்டாள். வெளியேற வழியில்லாத குளிர் உள்ளேயே ஐஸாகக் கட்டிக்கொண்டது. அந்த ஐஸ்தான் இப்போது மழை!

ஏசிக்காரன் வந்தான். ஏணியில் நின்றால் தலை ஃபால்ஸ் சீலிங் ஓட்டைக்குள் மறைந்துவிடும் உயரம். ‘அவன்தான் உள்ளே இருக்கானே...’ என்று தைரியமாக அண்ணாந்து, மகாராணி மருந்தை விட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக் குனியவேண்டும்?

அண்ணாந்த முகம்... ததும்பி மினுங்கும் இரண்டு விழிகள்... கன்னத்தில் வழியும் ஒரு துளி... ஏசிக்காரன் தேடியதை மறந்தான். ஏணியை மறந்தான். ஒரு ஐஸ் பாளம் அவன் பிடரியிலேயே விழுந்து நினைவூட்டியது.

“என்னங்க... எதுக்கு அழறீங்க? ஏசிதானே, சரியாயிடும்!”

“ஏசிக்காக அழ எனக்கென்ன பைத்தியமா? மேல பார்த்து வேலையைப் பாருங்க.”

“மேல பார்த்தா ஐஸ் விழுது, கீழ பார்த்தா நீங்க முறைக்கிறீங்க... நான் எங்கதாங்க பார்க்கிறது?”

சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். அடுத்த நொடி அவன் கையில் அந்த அட்டை! சிரிப்பு செத்தது.

முதலாளி வந்துவிட்டார். “எவன்யா அடைச்சது? இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்!”

ஏசிக்காரன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த மருந்துக் குப்பியைப் பார்த்தான். அடைத்த வாய் அவள் தலைக்கு நேரே இருந்ததையும் பார்த்தான்.

“எங்க ஆளுதான் சார். போன சர்வீஸ்ல மறந்து வச்சிட்டான்.”

“அப்படியா? இனிமே உங்க கம்பெனி ஆளு ஒருத்தன் இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது!”

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியவனைப் பாதி வழியில் மறித்தாள்.

“நில்லுங்க. யாரைக் கேட்டுப் பொய் சொன்னீங்க?”

“விடுங்க... உங்க கண்ணைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு.”

பாவம்! உலகத்தில் எத்தனையோ வார்த்தைகள் இருக்க, இதைத்தானா எடுத்தான்?

“பாவமா? இந்தக் கண்ணு கலந்த கலர்தான் இந்த ஊர்ல பாதிச் சுவர்ல இருக்கு. நான் செஞ்ச தப்புக்கு நீங்க வேலை இழக்கணுமா? எனக்கு வாய் இருக்கு சார். என் சார்பா யாரும் பேச வேணாம்!”

திரும்பியவள் நேராக முதலாளி அறைக்குள் போனாள். குரல் நடுங்கவில்லை.

“அடைச்சது நான்தான் சார்.” ஆபரேஷன், வறட்சி, மருந்து... ஒன்றுவிடாமல் சொன்னாள்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “அப்ப... இத்தனை நாளா கண்ணு சரியில்லாமயா கலர் கலந்தே?”

எந்த வாய்க்குப் பயந்தாளோ, அது இவர் வாயாகவே இருந்தது!

“நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்.”

அவர் அறைக் கதவில் பெயிண்டைச் சாவியால் சுரண்டிக் கொடுத்தார். வெயிலில் வெளுத்து, கை பட்டுப் பழுத்து, என்ன நிறமென்று கதவுக்கே மறந்துபோன நிறம். கடை மொத்தமும் மேடையைச் சூழ்ந்தது. படியிலிருந்து ஏசிக்காரனும் எட்டிப் பார்த்தான். எல்லோர் எதிரிலும், முதன்முறையாக, மகாராணி அண்ணாந்து மருந்தை விட்டுக்கொண்டாள். நிதானமாக. ராஜ்யத்தில் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல. இமைத்தாள். வாசல் வெளிச்சத்துக்குப் போய்ச் சுரண்டலைப் பார்த்தாள். கறுப்பில் ஒரு பொட்டு, மஞ்சளில் ஒரு கசிவு... கலக்கினாள். கதவில் சுரண்டிய இடத்திலேயே பூசினாள். காயவிட்டாள்.

முதலாளி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், கதவுக்கு முன்னே குனிந்தார், பின்னே போனார்.

“ஏம்மா... நான் சுரண்டினது இந்தக் கதவுதானா?”

பில் போடும் அக்கா அடித்த விசிலில் டப்பாக்கள் அதிர்ந்தன.

“மேடை உன்னுதுதான். ஆனா அட்டை கிட்டை வேணாம்.”

“காத்து என் மேல வேணாம் சார். அந்த ஏசிக்காரரையே கூப்பிட்டுத் திருப்பச் சொல்லுங்க.”

முதலாளி தலையாட்ட, ஏசிக்காரன் மறுபடி ஏணி ஏறினான். காற்றை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது அலற, கடைசியில் அது முதலாளி தலையில் போய் நின்றது. மனுஷன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, “பரவால்ல, பரவால்ல...” என்றார்.

இறங்கிய ஏசிக்காரன் மேடையருகே தயங்கினான்.

“பாவம்னு சொன்னது தப்புதாங்க. இப்ப அப்படித் தோணல... பயமாத்தான் இருக்கு.”

“பயம் இருக்கட்டும், நல்லது.”

“அப்புறம்... நான் ஒண்ணு சொல்லணும்... நம்ம ரெண்டு பேருக்கும்...”

“ஷ்ஷ்!” விரலை உயர்த்தினாள். “எங்க வீட்ல ஃபேன் ஓடாது. பைக்ல போனா நான் நீச்சல் கண்ணாடி போட்டுக்குவேன், ஊரே சிரிக்கும். கடற்கரைக் காத்துக்கெல்லாம் வரமாட்டேன்.”

“எனக்கு வேர்க்கிறது பழக்கம்தாங்க. ஊர் சிரிச்சா நானும் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிக்கிறேன். அதனால நான் சொல்ல வந்தது...”

“நீங்க சொல்லாதீங்க. எனக்கு வாய் இருக்குன்னு சொன்னேன்ல?” கன்னம் சிவக்க, தலை மட்டும் துளியும் குனியாமல், அவன் கண்களை நேராகப் பார்த்தாள் மகாராணி.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”